சேலத்திலிருந்து கடலுக்கு, ஸ்கூட்டரில், மெதுவாக

சேலத்துக்காரர்களுக்குக் கடல் எந்தப் பக்கம் போனாலும் தூரம்தான். அதில் ஓரளவு கைக்கெட்டுவது கடலூர், ஏறக்குறைய 200 கிலோமீட்டர். காரில் போகிறவர்கள் காலையில் கிளம்பி மத்தியானம் கால் நனைத்துவிட்டு ராத்திரியே திரும்பிவிடுவார்கள். நான் சொல்வது அதுவல்ல. 110 சிசி ஸ்கூட்டரில் சனிக்கிழமை போய், தங்கி, ஞாயிற்றுக்கிழமை வருகிற கணக்கு. எனக்கு அம்மாபேட்டையில் தையல் கடை. கூட வருவது பூக்கடை அக்கா, ஒரு டீச்சர், டீச்சரின் நாத்தனார். யாரும் 50-க்கு மேல் முறுக்க மாட்டோம்.

முதலில் சூரியனைக் கணக்குப் போடுங்கள். நாம் போவது கிழக்கே. காலை ஆறரை முதல் ஏழரை வரை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும், முன்னால் போகிற லாரியின் பிரேக் விளக்குகூடத் தெரியாது. சாயங்காலம் திரும்பினால் மேற்கே, மறுபடியும் அதே கதை. அதனால் அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி எல்லாம் இருட்டு பிரியும்போதே தாண்டிவிட வேண்டும். 5 மணிக்குக் கிளம்பினால் ஆறேகால் வாக்கில் ஆத்தூர். புறவழிச்சாலையை விட்டு ஊருக்குள் போய் இட்லி, காபி, ஊர்க்கதை என்று ஏழரை வரை உட்கார்ந்துவிடுங்கள். சோம்பேறித்தனம் மாதிரி தெரியும், ஆனால் அந்த ஒரு மணி நேரம் வண்டி ஓட்டாமல் இருப்பதுதான் இந்தப் பயணத்தில் செய்கிற பெரிய பாதுகாப்பு.

உடை விஷயத்தில் தையல்காரியாகச் சொல்கிறேன்: துப்பட்டாவைக் கழற்றி மடித்துப் பைக்குள் வையுங்கள். பின் குத்துவது, இடுப்பில் முடிச்சுப் போடுவது எதையும் நம்ப வேண்டாம். காற்றில் ஒரு நுனி அவிழ்ந்து சக்கரத்தில் சிக்கினால் முடிந்தது. சேலை கட்டியே தீருவேன் என்பவர்கள் பின்னால் உட்காரட்டும், அதுவும் சேலைக் காப்புக் கம்பி உள்ள வண்டியில். ஹெல்மெட் இரண்டு பேருக்கும் வேண்டும். உள்ளே போட்டுக்கொள்ள மிஞ்சின ஜாக்கெட் லைனிங் துணியில் ஆளுக்கொரு குல்லா தைத்துக் கொடுத்தேன். வேர்வையைக் குடித்துக்கொள்ளும், ராத்திரி அலசிப் போட்டால் காலையில் காய்ந்துவிடும்.

வண்டி: முந்தின வாரமே சர்வீஸ் பார்த்துவிடுங்கள். முந்தின நாள் விட்டால் ஏதாவது சின்னக் கோளாறோடு வந்து நிற்கும், சரிசெய்ய நேரம் இருக்காது. பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்குக் காற்று கூட வேண்டும். எவ்வளவு என்பது வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே இருக்கும். பெட்ரோல் டேங்க் 5 லிட்டர் சொச்சம்தான், அதனால் சேலத்தில் நிரப்பினாலும் விருத்தாசலத்தில் மறுபடி நிரப்புங்கள். அங்கேயே கழிப்பறை சாவியையும் கேளுங்கள். கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் வருவதால்தான் பாதிப் பேருக்குத் தலைவலி.

ரோட்டில் மெதுவான வண்டி முன்னால், வழி தெரிந்தவள் கடைசியில். சின்னசேலத்தில் நாலுவழிச் சாலையை விட்டு வலப்பக்கம் விருத்தாசலம் ரோட்டில் திரும்ப வேண்டும், வேப்பூரில் திருச்சி–சென்னை சாலையைக் கடக்க வேண்டும். திருப்பத்தில் பின்னால் வருகிற வண்டி கண்ணில் படும்வரை நில்லுங்கள், போன் அடிக்க வேண்டிய வேலையே இருக்காது. சுங்கச்சாவடியில் நமக்குக் கட்டணம் இல்லை, இடதுகோடியில் இருக்கும் சின்ன வழியில் போய்விடலாம். தலைவாசல் காய்கறி மார்க்கெட் பக்கம் காலையில் மூட்டை ஏற்றின வண்டிகள் குறுக்கே வரும், கவனம். விருத்தாசலம் தாண்டினால் செம்மண்ணும் முந்திரித் தோப்புமாக இருக்கும், நெய்வேலி பக்கம் போகப் போக லாரி கூடும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வடலூர். 1867-ல் வள்ளலார் தொடங்கின தருமச்சாலையில் இன்றும் வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறார்கள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, முடிந்ததை உண்டியலில் போடலாம். ஆனால் தைப்பூசத்தை ஒட்டி வராதீர்கள், ஜோதி தரிசனக் கூட்டத்தில் வண்டி நகராது. வள்ளலார் சோறு சாப்பிட்ட அன்றைக்கு மீன் கூடாது என்று பூக்கடை அக்கா சட்டம் போட்டிருக்கிறார். எங்களுக்கு மீன் எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான்.

கடலூரில் தேவனாம்பட்டினம் கடற்கரை, வெள்ளிக் கடற்கரை என்பார்கள். மணலில் ஸ்டாண்டு போட்டால் புதைந்து வண்டி சாயும், அடியில் ஒரு தட்டைக் கல் வையுங்கள். தண்ணீரில் முழங்காலுக்கு மேல் வேண்டாம். சேலத்துப் பெண்களில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? நொறுக்குத்தீனிக்கு ஊரிலிருந்து தட்டுவடை கொண்டுபோங்கள், சட்னியும் துருவின காய்கறியும் தனித்தனி டப்பாவில். மணலில் உட்கார்ந்து, இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் காய்கறியும் வைத்துச் செட் போடுவதைப் பக்கத்திலிருப்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அவர்களுக்கும் இரண்டு கொடுங்கள்.

தெம்பு இருந்தால் மறுநாள் விடியலில் 30 கிலோமீட்டர் சொச்சம் தெற்கே பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் சேருகிற இடம். 1830-ல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே இரும்பாலை வைத்தபோது, அதற்குத் தாது நம்ம சேலம் சீமையிலிருந்துதான் போயிருக்கிறது. நாம் ஸ்கூட்டரில் போகிற தூரத்தை, லாரி இல்லாத காலத்தில் கல்லாகவே கொண்டுபோயிருக்கிறார்கள். டீச்சர் இதைச் சொன்னதிலிருந்து எங்களில் யாரும் இடுப்பு வலி என்று வாய் திறப்பதில்லை.

மாதம் தை, மாசி நல்லது. சித்திரை, வைகாசி வேண்டவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் வானிலை அறிக்கை பார்க்காமல் கிளம்பாதீர்கள், கடலூர் புயலுக்குப் பழகின ஊர்.

திரும்பும்போது எவ்வளவு கெஞ்சினாலும் காலை ஒன்பதைத் தாண்ட விடாதீர்கள். பரங்கிப்பேட்டைக்குப் போனால் அதையும் அதற்குள் முடித்துவிட வேண்டும். மத்தியானம் வரை வெயில் முதுகில், மேற்கே சாய்வதற்குள் வீடு. வந்ததும் நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவுங்கள், உப்புக் காற்று பட்ட இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். கருவாடு வாங்கினால் சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். எஞ்சின் சூடு ஏறி, ஹெல்மெட் முதல் ஆர்.சி. புக் வரை மணக்கும். மூன்று கவர் சுற்றி முன் கொக்கியில் மாட்டுங்கள், அந்த வண்டியை வரிசையில் கடைசியாக விடுங்கள்.