டைனமிக் மெயிலில் பட்டியல் மட்டும் காலி: கோளாறு ஒரு ஹெடரில்

டைனமிக் மெயில் ஏஎம்பி என்ற நிரல் வடிவில் எழுதப்படுவது; திறக்கும்போதே சர்வரிலிருந்து புதுத் தகவலை எடுத்துக் காட்டும். அந்த நிரலைச் சோதிக்கும் ஏஎம்பி வேலிடேட்டரில் பிழையில்லை. சோதனை மெயிலில் இருப்புப் பட்டியலும் ஒழுங்காக வந்தது. வாடிக்கையாளருக்குப் போன மெயிலில் மட்டும் அந்த இடம் காலி. மெயில் உண்மையான அனுப்புநரிடமிருந்து வந்ததா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் சோதனைகள் மூன்றும் தேறியிருந்தன. அதைச் சரிபார்த்தே இரண்டு நாள் போயிற்று.

எந்த அனுப்புநரின் மெயிலுக்குத் தகவல் தரலாம் என்று சொல்வது, சர்வர் பதிலோடு வரும் 'ஏஎம்பி-இமெயில்-அலவ்-சென்டர்' ஹெடர் (குறிப்பு வரி). அதில் பழைய சோதனை முகவரியே நிலையாக எழுதப்பட்டிருந்தது. கோரிக்கையில் வரும் 'ஏஎம்பி-இமெயில்-சென்டர்' முகவரியை அனுமதிப் பட்டியலோடு ஒப்பிட்டு, அதையே திருப்பி அனுப்பியதும் பட்டியல் வந்துவிட்டது. அப்பாடா!

மெயிலுக்குள்ளேயே படிவம் நிரப்பலாம், திறக்கும்போது புது விலை தெரியும்: இதற்காக உழைக்கலாம். ஆனால் ஃபார்வர்டு செய்தால் ஏஎம்பி பகுதி உதிர்ந்துவிடும். ஜிமெயிலில் 30 நாளுக்குப் பின், அதே மெயிலில் சேர்த்தனுப்பும் சாதாரண ஹெச்டிஎம்எல் வடிவம்தான் தெரியும். பில், ரசீதை முழுதாக ஹெச்டிஎம்எல்லிலேயே வைத்து, அந்த ஹெச்டிஎம்எல் பகுதியை, ஏஎம்பி பகுதிக்குப் பின், கடைசியில் சேருங்கள். சில மெயில் செயலிகள் கடைசிப் பகுதியை மட்டுமே காட்டும்.