உப்புச் சாலையில் மோட்டார் சைக்கிள்: துருவுக்கு நாமே வழிவிடும் தவறுகள்

பிரிட்டனில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, சாலையின் மேற்பரப்பு உறைநிலையை நெருங்கும் என்ற முன்னறிவிப்பு வந்தாலே உப்பு லாரிகள் கிளம்பிவிடும். லேசாக உறையக்கூடிய இரவுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 கிராம் தூவுவார்கள். பெரும்பனி வருமென்றால் அது 20 முதல் 40 கிராம் வரை போகும். சமையலறை உப்பைப் போல வெள்ளையாக இருக்காது. செஷயரின் வின்ஸ்ஃபோர்டு போன்ற சுரங்கங்களில் வெட்டியெடுத்த, களிமண் கலந்த பழுப்புக் கல்லுப்பு அது. அதனால்தான் பைக்கில் அது படிந்திருந்தாலும் பலருக்கு வெறும் சேறாகத் தெரிகிறது.

1844-இல் தொடங்கிய அந்த வின்ஸ்ஃபோர்டு சுரங்கத்தில் உப்பு எடுத்து முடித்த அறைகள் சிலவற்றில் இன்று ஆவணங்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நாலாபுறமும் உப்புப் பாறை சூழ்ந்திருந்தும் காகிதம் கெடுவதில்லை. காற்று அங்கே வறண்டிருக்கிறது, அவ்வளவுதான் காரணம். காய்ந்த உப்பு சும்மா கிடக்கும், நனைந்த உப்புதான் இரும்பைத் தின்னும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். இங்கிலாந்தின் குளிர்காலம் பெரும்பாலும் அந்த அளவுக்கு மேலேதான் இருக்கிறது. ஆகவே திங்கட்கிழமை பைக்கில் ஒட்டிய உப்பு, மழையே பெய்யாவிட்டாலும், வெள்ளி வரை ஈரமாகவே இருந்து வேலை செய்யும். பைக்கைக் காக்க நாம் செய்யக்கூடியதெல்லாம் உப்பு, ஈரம், காலம் மூன்றில் ஏதாவது ஒன்றை வெட்டிவிடுவதுதான். கீழே வரும் தவறுகளில் அநேகமாக எல்லாமே இதை மறந்ததால் வருபவை.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கடலோரம் வளர்ந்தவர்களுக்கு உப்புக் காற்றின் வேலை புதிதல்ல. ஆனால் அது மேலிருந்து மெல்லப் படிவது. இங்கே முன்சக்கரம் உப்பு நீரை அள்ளிக் கீழிருந்து வேகத்தோடு அடிக்கிறது. டேங்கும் இருக்கையும் பளபளவென்று இருக்கும்போதே ரேடியேட்டரின் அடிப்பகுதி, எஞ்சினிலிருந்து இறங்கும் புகைக்குழாய்கள், பின் சஸ்பென்ஷன் இணைப்புகள், டிஸ்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் காலிப்பரின் உட்பக்கம் எல்லாம் கரைந்துகொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் துடைத்துத் திருப்திப்பட்டுக்கொள்வதை முதல் தவறாகச் சொல்வேன். முன் மட்கார்டின் அடியில் ஒட்டும் ஒரு பிளாஸ்டிக் நீட்டிப்புத் துண்டு, பின் சக்கரத்தை ஒட்டி ஒரு சிறு மட்கார்டு, இந்த இரண்டும் எந்த விலையுயர்ந்த மெழுகையும்விட அதிகம் காப்பாற்றும். அழகைக் கெடுக்கிறது என்று அவற்றைக் கழற்றி வைப்பவர்களும் இருக்கிறார்கள். குளிர்காலத்துக்காவது மாட்டி விடுங்கள்.

கழுவும்போது நேரும் தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகக் கழுவிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதுதான் எல்லோரும் செய்வது. வாரம் ஒருமுறை ஷாம்பு போட்டுத் தேய்ப்பதைவிட, வீட்டுக்கு வந்தவுடன் ஐந்து நிமிடம் வெறும் பச்சைத் தண்ணீர் விடுவது பல மடங்கு பயன் தரும். நோக்கம் அழுக்கை எடுப்பது அல்ல, உப்பை இறக்குவது. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குக் குழாயும் ஹோஸும் கிடைக்காது. தோட்டத்துக்கு மருந்தடிக்கும் ஐந்து லிட்டர் கைத்தெளிப்பான் ஒன்று வாங்கினால் போதும். கீழிருந்து மேல்நோக்கி, சக்கரம், காலிப்பர், எஞ்சின் அடி, ஸ்டாண்டு என்று அடித்துவிட்டுப் போகலாம். பளபளப்பை வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

வெந்நீர் நன்றாகக் கழுவும் என்பது பரவலான நம்பிக்கை. எண்ணெய்ப் பிசுக்குக்கு அது சரி. உப்பைப் பொறுத்தவரை சூட்டினால் பெரிய லாபமில்லை: உறைநிலையில் 100 மில்லிலிட்டர் நீரில் ஏறத்தாழ 36 கிராம் உப்பு கரையும், கொதிநிலையிலும் 39 கிராம்தான். நஷ்டம் வேண்டுமானால் உண்டு. வேதிவினைகள் சூட்டில் வேகமெடுக்கும், இடுக்கில் புகுந்த உப்புக் கரைசலைச் சூடாக்கி அப்படியே விட்டால் துருவுக்குத்தான் கொண்டாட்டம். பூசியிருக்கும் காப்புத் திரவமும் வெந்நீரில் எளிதாக இளகிப் போகும். குளிர்ந்த நீரே போதும், கை மரத்துப் போகும் என்பதுதான் அதன் ஒரே குறை.

பிரஷர் வாஷரைப் பற்றி எனக்குத் தயக்கமே இல்லை: பைக்குக்கு அது வேண்டாம். சக்கர பேரிங்குகள், ஹேண்டில்பார்த் தண்டின் பேரிங், பின் சஸ்பென்ஷன் இணைப்புகள், செயினின் ரப்பர் வளையங்கள் ஆகியவற்றின் சீல்கள் மழையைத் தாங்கச் செய்யப்பட்டவை, நெருக்கிப் பிடித்த நீர்ப் பீச்சலைத் தாங்க அல்ல. உள்ளே போகும் நீர் தனியாகப் போவதில்லை, வெளியே இருந்த உப்பையும் கிரீஸுக்குள் கொண்டுபோகும். போன வழியில் திரும்பி வருவதும் இல்லை. காசு போட்டால் ஓடும் கழுவுமிடங்களைத் தவிர வேறு வழியில்லாதவர்கள், குழலை நன்றாகத் தள்ளிப் பிடித்து, சக்கர அச்சு, ஸ்விட்சுகள், செயின் பக்கம் நேராகக் காட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாத்திரம் கழுவும் திரவத்தில் உப்பு இருக்கிறது, அது பைக்கைத் துருப்பிடிக்க வைக்கும் என்று பைக் ஓட்டுபவர்கள் அடிக்கடி சொல்வார்கள். கெட்டித்தன்மைக்காக அதில் உப்பு சேர்ப்பது வழக்கம்தான். ஆனால் ஒரு வாளித் தண்ணீரில் கலந்து அலசிய பிறகு மிஞ்சும் அளவு, சாலையிலிருந்து வருவதன் முன்னால் ஒன்றுமே இல்லை. உண்மையான கெடுதல் வேறு. எண்ணெயை வெட்டத்தான் அந்தத் திரவம் செய்யப்பட்டது. மெழுகையும் காப்புப் பூச்சையும் சேர்த்து வெட்டிவிட்டு, உலோகத்தை அம்மணமாக அடுத்த நாள் உப்பில் இறக்கிவிடும்.

பூச்சுகளும் போல்ட்டுகளும்

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு டபிள்யூடி-40 டப்பா இருக்கும். 1953-இல் உருவான அந்தத் திரவத்தின் பெயரே ஈரத்தை விரட்டுவது என்பதைத்தான் குறிக்கிறது. அந்த வேலையை அது நன்றாகச் செய்யும். கழுவிய பின் ஸ்விட்சுகளிலும் இணைப்புகளிலும் தங்கிய நீரை வெளியேற்ற அதைத் தாராளமாக அடிக்கலாம். குளிர்காலம் முழுவதற்குமான கவசமாக நினைப்பதுதான் பிழை. அதன் பெரும்பகுதி ஆவியாகிப்போய், மிஞ்சும் மெல்லிய படலத்தை இரண்டொரு மழைப் பயணங்களே கழுவிவிடும். அதற்கென்றே செய்த ஏசிஎஃப்-50 போன்ற திரவங்கள் வேறு வகை. விமானங்களுக்காக வந்தவை. இடுக்குகளுக்குள் ஊர்ந்து போய்ப் பசையாகத் தங்கும்.

அவற்றிலும் காலம் தவறுகிறவர்கள்தான் அதிகம். முதல் பனிச் செய்தியைக் கேட்ட பிறகு வாங்கப் போவார்கள். அதற்குள் உப்பு ஒட்டியிருக்கும், அதன் மேலேயே அடித்து உள்ளே பூட்டிவிடுவார்கள். அக்டோபர் தொடக்கத்தில், முதல் உப்பு லாரி கிளம்பும் முன், நன்றாகக் கழுவி, முழுக்கக் காயவைத்து, மெல்லிய படலமாகப் பூச வேண்டும். சொட்டச் சொட்ட அடிப்பதால் காசுதான் வீணாகும். பூசிய பைக்கில் தூசி ஒட்டி அசிங்கமாக இருக்கும். அந்த அசிங்கத்தைத் தாங்க முடியாமல் வாரம்தோறும் துடைத்தெடுப்பவர்கள் பூசாமலே இருந்திருக்கலாம். புகைக்குழாயில் பட்டது முதல் பயணத்தில் புகைந்து எரிந்துவிடும், பயப்பட வேண்டாம். பிரேக் டிஸ்க், அதை உரசி நிறுத்தும் பிரேக் பட்டை, டயர் மூன்றிலும் ஒரு துளியும் படக்கூடாது. டிஸ்கைப் பாலித்தீன் பையால் மூடிவிட்டு, திரவத்தைத் துணியில் நனைத்துப் பூசுவதே பாதுகாப்பு. டிஸ்கின் மேல் மறுநாள் காலையில் தெரியும் செம்மை முதல் சில பிரேக்குகளிலேயே போய்விடும், அதற்கு எதையும் பூசக் கிளம்பாதீர்கள்.

போல்ட்டுகள் துருப்பிடிக்கின்றன என்று எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றுவது இன்னொரு ஆர்வக்கோளாறு. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் இரண்டு வெவ்வேறு உலோகங்கள் உப்பு நீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு சிறு மின்கலமாகிவிடும், அதில் கரைவது அலுமினியம். அலுமினிய எஞ்சின் மூடியில் கிரீஸ் இல்லாமல் முடுக்கிய ஸ்டெயின்லெஸ் போல்ட்டைச் சுற்றி வெள்ளைத் தூள் கட்டி, சில குளிர்காலங்களில் போல்ட்டையும் மரையையும் ஒன்றாக்கிவிடும். அப்புறம் கழற்றப் போனால் போல்ட் முறியும், இல்லாவிட்டால் மரை கையோடு வரும். நிக்கல் அல்லது அலுமினியத் தூள் கலந்த கிரீஸை மரையில் தடவி, முடுக்கும் விசையைக் கையேட்டில் உள்ளதைவிடச் சற்றுக் குறைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் கையேட்டின் எண்கள் பெரும்பாலும் கிரீஸ் தடவாத மரைக்கானவை. காலிப்பரைத் தாங்கும் போல்ட்டுகளை மட்டும் மாற்றவே வேண்டாம். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 வகை ஸ்டெயின்லெஸ், தயாரிப்பாளர் போட்டுத் தந்த உயர்வலு எஃகைவிட வலுக்குறைந்தது. ஸ்டெயின்லெஸ் என்றால் கறையே படாது என்றும் நினைத்துவிடக் கூடாது. உப்பிலுள்ள குளோரைடு அதன் காப்புப் படலத்தையும் துளைத்துப் புள்ளிப் புள்ளியாக அரிக்கும்.

செயினைப் பற்றிச் சுருக்கமாக: பெட்ரோல் ஊற்றிக் கழுவினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் போய்விடும், மண்ணெண்ணெய் பரவாயில்லை. கிளம்பும் முன் எண்ணெய் விடுவதைவிட, வந்து நின்றதும் சூடாக இருக்கும்போது விடுவது மேல், இரவெல்லாம் ஊறும். சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு செயினைத் துடைத்து விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

நிறுத்தி வைக்கும்போது

கராஜ் இருக்கிறது, இனி கவலையில்லை என்பது பாதி உண்மை. கழுவிக் காயவைத்த பைக்குக்கு உலர்ந்த கராஜ் சொர்க்கம். உப்போடும் ஈரத்தோடும் வந்த பைக்கைச் சூடேற்றிய, மூடிய கராஜுக்குள் தள்ளுவது வெளியே குளிரில் விடுவதைவிட மோசமாகக்கூடும்: வெளியே குளிர் துருவை மெதுவாக்கும், உள்ளே கதகதப்பு முடுக்கிவிடும். ஹீட்டருக்குச் செலவிடுவதைவிட ஈரம் உறிஞ்சும் ஒரு சிறு கருவிக்குச் செலவிடலாம். வெளியே நிறுத்துபவர்கள் பைக்கின் மேல் சாதாரணத் தார்ப்பாயைப் போர்த்தி இறுக்கிக் கட்டுவதும் இதே வகைதான். காலையில் உள்பக்கம் நீர் கோத்து நிற்கும். காற்றோட்டமுள்ள உறையாகப் பார்த்து வாங்க வேண்டும். நனைந்த பைக்கின் மேல் அதையும் உடனே போடக் கூடாது.

ஓட்டாத வாரங்களில் பைக்கை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்துவதை நல்ல பராமரிப்பு என்றே பலர் நம்புகிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது. நீண்ட பயணத்தில் அது ஆவியாக வெளியேறும். ஐந்து நிமிடத்தில் சைலன்சர் சூடாவதில்லை. நீர் உள்ளேயே குளிர்ந்து தங்கி, சைலன்சரை உள்ளிருந்து அரிக்கும், எஞ்சின் எண்ணெயிலும் கொஞ்சம் கலக்கும். பேட்டரிக்குக்கூட அந்த ஐந்து நிமிடம் ஸ்டார்ட்டர் எடுத்ததைத் திருப்பித் தருவது சந்தேகம். ஓட்டினால் அரைமணியாவது ஓட்டுங்கள். இல்லையென்றால் பேட்டரியை மெதுவாகச் சார்ஜ் செய்யும் கருவியில் மாட்டிவிட்டுப் பைக்கைத் தொடாதீர்கள்.

மார்ச்சில் வெயில் தலைகாட்டியதும் குளிர்காலம் முடிந்தது என்று கழுவுவதை நிறுத்திவிடுவது கடைசித் தவறு, என் கணக்கில் மிக விலையுயர்ந்ததும் அதுதான். லாரி நின்றுபோனாலும் உப்பு சாலையை விட்டுப் போவதில்லை. ஓரங்களில் வெளிறிய கோடாகக் கிடந்து, முதல் தூறலில் மீண்டும் கரைந்து எழும். அதோடு வெப்பமும் ஏறியிருக்கிறது. இரண்டு மூன்று நல்ல மழைகள் சாலையைக் கழுவும் வரை தண்ணீர் விடுவதைத் தொடருங்கள்.

அதன் பிறகு காலிப்பர்களைக் கழற்றிப் பார்க்கும் வேலை இருக்கிறது. சென்னையை அடுத்த வல்லம் வடகாலில் தயாரான ராயல் என்ஃபீல்டானாலும், பெர்லினில் தயாரான பி.எம்.டபிள்யூவானாலும் இதில் விலக்கு இல்லை. காலிப்பருக்குள் சீல் உட்காரும் பள்ளத்தில் அலுமினியம் அரித்து வெள்ளையாகப் பொங்கி, சீலை நெரித்து, பட்டையைத் தள்ளும் பிஸ்டனை இறுக்கிவிடும். பிரேக் விட்ட பிறகும் பட்டை டிஸ்கை உரசிக்கொண்டே இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். புதுப் பட்டை போடும்போது பிஸ்டனை அப்படியே உள்ளே தள்ளுவது வழக்கம். குளிர்காலம் முழுக்க வெளியே நீட்டிக்கொண்டிருந்த பகுதியில் உப்பும் அழுக்கும் கெட்டிப்பட்டிருக்கும், தள்ளினால் அவை சீலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும். முதலில் பழைய பல்துலக்கியாலும் பிரேக் துப்புரவுத் திரவத்தாலும் பிஸ்டனைச் சுற்றிலும் துடைத்து, ரப்பருக்கென்று விற்கும் சிவப்பு கிரீஸை மெல்லத் தடவி, அதன் பிறகு தள்ளுங்கள். விரல் அழுத்தத்துக்கே அசையாத பிஸ்டன் என்றால் சீல் மாற்றும் நேரம் வந்துவிட்டது. அதற்கு மேல் நெம்புகோல் போட்டுத் தள்ள வேண்டாம், மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.