கூடத்து ரேடியோகிராம்: பிளக்கைச் செருகும் முன்

கும்பகோணம், மாயவரம் பக்கத்துப் பழைய வீடுகளில் கூடத்து மூலையில் விரிப்புப் போட்டு மூடிய ரேடியோகிராம் (ரேடியோவும் இசைத்தட்டு பிளேயரும் ஒரே பெட்டியில்) இன்னமும் கிடக்கும். தூசியைத் தட்டிவிட்டு, "பாடுதான்னு பார்ப்போம்" என்று பிளக்கைச் செருகுவதுதான் முதல் தவறு. நன்றாக இருந்த பாகமும் அந்தச் சில நிமிடத்தில் போய்விடும்.

காரணம் ஈரம். எத்தனையோ ஐப்பசி, கார்த்திகை அடைமழை கண்ட பெட்டி அது. உள்ளே மெழுகு பூசிய பேப்பர் கண்டென்சர்கள் (மின்தேக்கிகள்) ஈரம் ஏறி லீக் ஆகியிருக்கும், அதாவது தடுக்க வேண்டிய டிசியைக் கசியவிடும். அவற்றில் கட்டாயம் மாற்ற வேண்டியது ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (கரண்டைக் கட்டுப்படுத்தும் முனை) வரும் கப்ளிங் கண்டென்சர். அந்த வால்வு இஎல்84 என்றால், கிரிட்டான 2ஆம் பின்னைப் பிடித்துக்கொண்டு பின்னால் போங்கள், 0.01 அல்லது 0.022 மைக்ரோஃபாரட் ஒன்று சிக்கும். அது லீக் ஆனால் முந்தைய வால்வின் ஆனோடு (பிளஸ் முனை) வோல்டேஜ் கிரிட்டில் ஏறும். வால்வு தாறுமாறாகக் கரண்ட் இழுக்க, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரியும். வால்வையாவது தேடி வாங்கிவிடலாம். அந்த டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றித் தர ஆள் கிடைப்பது கஷ்டம். புதியது 630 வோல்ட் தாங்குவதாகப் போடுங்கள். பிறகு செட் சூடானதும் 2ஆம் பின்னில் மீட்டர் வையுங்கள். அரை வோல்ட் பிளஸ் காட்டினாலும் அணைத்துவிட வேண்டும், வால்வே கெட்டிருக்கலாம்.

முதல் மின்சாரம் சீரிஸ் போர்டு (செட்டோடு ஒரு பல்பைத் தொடராக இணைக்கும் பலகை) வழியாக, 100 வாட் குண்டு பல்போடு போகட்டும். எல்இடி பல்பு இந்த வேலைக்கு உதவாது. பல்பு பளிச்சென்று எரிந்து மங்கி, வால்வுகள் சூடானதும் லேசாகக் கூடினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் எங்கோ ஷார்ட். ஹம் (ஸ்பீக்கரில் கேட்கும் 'ம்ம்' இரைச்சல்) குறையட்டும் என்று 220 மைக்ரோஃபாரட் ஃபில்டர் கண்டென்சர் போடுகிறவர்கள் உண்டு. ஏசியை டிசியாக்கும் இஇசட்80 ரெக்டிஃபையர் வால்வுக்கு 50 மைக்ரோஃபாரட்தான் எல்லை. மீறினால் வால்வுக்குள் பொறி பறக்கும். வோல்டேஜ் செலக்டர் 220இல் இருந்தால் 240க்கு மாற்றுங்கள், இரவில் லோடு குறைந்ததும் லைன் வோல்டேஜ் ஏறும்.

வால்வு எண்கள் 'யூ' என்று தொடங்கினால் (யூசிஎல்82, யூஒய்85) சேசிஸிலேயே (உள்ளிருக்கும் உலோகச் சட்டம்) மெயின்ஸ் இருக்கலாம். மெயின்ஸிலிருந்து செட்டைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதில் கை வைக்கவே கூடாது.

டயல் கண்ணாடியின் உட்பக்க எழுத்தை ஈரத்துணியால் துடைத்தால் எழுத்தே துணியோடு வந்துவிடும். காய்ந்த பிரஷ் போதும். ஸ்டேஷன் சரியாக விழவில்லை என்று ஐஎஃப் கேன் (ட்யூனிங் சுருள்கள் உள்ள சிறு உலோக டப்பா) திருகுகளைத் திருப்பாதீர்கள். திருச்சி நிலையத்தின் 936 கிலோஹெர்ட்ஸ், மீட்டர் டயலில் 320 அருகே வரும். முள் தள்ளி நின்றால் முதலில் டயல் கயிறு நழுவியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிளேயரில் சத்தமே வராவிட்டால் பெரும்பாலும் ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ்தான் காரணம். அதன் ரோஷெல் உப்பு நம்மூர் ஈரத்தில் கரைந்தே போகும். செராமிக் கார்ட்ரிட்ஜ் வாங்குங்கள்; இந்தக் கால மேக்னெட்டிக் வகையின் சில மில்லிவோல்ட் இந்த ஆம்ப்ளிஃபையருக்குப் போதாது. 78 வேகத் தட்டுக்கும் எல்பிக்கும் ஊசி வேறு. தட்டைச் சுழற்றும் ரப்பர் ஐட்லர் சக்கரத்தில் எண்ணெய் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது. வேகம் பார்க்க 180 கோடு போட்ட ஸ்ட்ரோப் தட்டைச் சோக் வைத்த டியூப் லைட்டின் கீழ் சுற்றவிடுங்கள். கோடுகள் அசையாமல் நின்றால் அது நிமிடத்துக்கு 33⅓ சுற்று.

78 தட்டை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள், அது அரக்கு, கரையும். பெட்டியின் பாலிஷும் அரக்கென்றால் அதே கதிதான். பெட்டியைக் காயவைக்க முற்றத்து வெயிலில் நிறுத்தினால் வெனீர் (மேலே ஒட்டிய மெல்லிய மரத் தகடு) எழும்பிக்கொள்ளும். மழைக்காலத்தில் பாலிஷ் போட்டால் வெள்ளை பூக்கும். அந்த வேலையைத் தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.