ஊரைக் கடக்கும் நெடுஞ்சாலையின் வரலாற்றை எழுதும் முறை

ஒரு தேசிய நெடுஞ்சாலையின் வரலாற்றை எழுத விரும்புகிறவர், தம் ஊரை ஒட்டிய பத்துக் கிலோமீட்டரை மட்டும் முதலில் எடுத்துக்கொள்வது நல்லது. ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் சாலையின் நீளம் 3,700 கிலோமீட்டருக்கும் மேல். ஆனால் அது கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றை எப்படி மாற்றியது என்பதை அந்தக் கிராமத்தில் நின்றுதான் அறிய முடியும்.

முதலில் சாலையின் எண்ணைச் சரிபாருங்கள். 2010இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்கள் தரப்பட்டன. வடக்கு தெற்காகச் செல்லும் முதன்மைச் சாலைகள் இரட்டைப்படை எண்ணும், கிழக்கு மேற்காகச் செல்பவை ஒற்றைப்படை எண்ணும் பெற்றன. வாரணாசியிலிருந்து கன்னியாகுமரி வரை வந்த பழைய 7ஆம் எண் சாலையின் தென்பகுதி இன்று 44இல் அடங்கிவிட்டது. ஆகவே பழைய செய்தித்தாளிலும் கிரயப் பத்திரத்திலும் 7 என்றே தேட வேண்டும். அதற்கும் முந்தைய தடத்தை அறிய ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். மதுரைக்குத் தெற்கே பல ஊர்களில் ‘மங்கம்மா சாலை’ என்ற பெயர் இன்னும் வழக்கில் உள்ளது. மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரால் வழங்கும் அந்தத் தடம் இன்றைய சாலையோடு எங்கே இணைகிறது, எங்கே பிரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நிலம். என் கணிப்பில் இந்த வரலாற்றின் உயிர் இங்கேதான் இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தில் 1997இல் சேர்க்கப்பட்ட பிரிவுகளின்படி, நிலம் எடுக்கும் எண்ணத்தை அரசு முதலில் 3ஏ பிரிவின் கீழான அறிவிக்கையாக அரசிதழில் வெளியிட வேண்டும். அதன் சுருக்கம் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில், ஒன்று வட்டார மொழியில், வர வேண்டும். ஆட்சேபம் சொல்ல நிலத்துக்காரருக்கு 21 நாள் அவகாசம் உண்டு. பின்னர் நிலம் எடுப்பதை உறுதிசெய்யும் 3டி அறிவிக்கை வெளியான அன்றே நிலம் மத்திய அரசுக்குச் சொந்தமாகிவிடும். அந்த அறிவிக்கையில் உள்ள புல எண்களை ஒவ்வொன்றாக எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டோடும் (புல எண்வாரியாக நில விவரம் எழுதிய பதிவேடு) புலப்படத்தோடும் ஒப்பிடுங்கள். நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, கிணறு எத்தனை என்ற கணக்கு உங்கள் கைக்கு வரும். 1997க்கு முன் எடுத்த நிலமாக இருந்தால் 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கீழான ஆவணங்களைத் தேட வேண்டியிருக்கும்.

காகிதம் முடிந்ததும் நடக்கத் தொடங்குங்கள். வண்டியில் போனால் எதுவும் கண்ணில் படாது. மேலே மஞ்சளும் கீழே வெள்ளையுமாக நிற்கும் கிலோமீட்டர் கல்லில் தொடங்கி, சாலையின் இரு பக்கமும் தனித்தனியாக நடக்க வேண்டும். நான் அப்படி நடந்த ஒரு நாளில், வீடு ஒரு பக்கமும் புஞ்சை மறுபக்கமுமாகப் பிரிந்துபோன ஒரு மூதாட்டி, தலையில் புல்லுக்கட்டோடு நடுத்திட்டின் அரளிச்செடிகளுக்கிடையே லாரிகள் ஓயக் காத்து நின்றார். “முன்னெல்லாம் புளிய மர நிழல்லயே வீடு வந்துருவேன், தம்பி” என்றார். சுரங்கப்பாதை எவ்வளவு தொலைவில் இருக்கிறது, வெட்டப்பட்ட புளிய மரங்களின் மகசூலை யார் ஏலம் எடுத்து வந்தார்கள், பள்ளிப் பிள்ளைகள் எந்த இடத்தில் கடக்கிறார்கள் என்று எழுத வேண்டிய கேள்விகள் அந்த ஒரு பேச்சிலிருந்தே கிளைத்தன.

பிறகு பழைய சாலைக்குப் போங்கள். புறவழிச்சாலை வந்தபின் பேருந்து ஊருக்குள் வருகிறதா, பைபாஸிலேயே இறக்கிவிடுகிறதா என்பதைப் பொறுத்தே கடைத்தெருவின் நிலை அமைகிறது. டீக்கடைக்காரர், பஞ்சர் ஒட்டுகிறவர், பூக்கட்டுகிறவர் ஆகியோரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். நன்மையையும் அதே கவனத்தோடு பதிவு செய்யுங்கள்: பிரசவத்துக்கு மாவட்ட மருத்துவமனைக்குச் செல்ல முன்பு எவ்வளவு நேரம் ஆனது, காய்கறி எந்தச் சந்தைக்குப் போகத் தொடங்கியது என்பவையும் வரலாறுதான். நெடுஞ்சாலையோர மதுக்கடைகளை 500 மீட்டருக்கு அப்பால் அகற்றும்படி 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது; அந்த வழக்கில் தமிழ்நாடும் ஒரு தரப்பு. உங்கள் ஊரில் கடை எங்கே நகர்ந்தது என்று பெண்களிடம் கேளுங்கள்.

ஒவ்வொரு பேச்சின் கீழும் தேதியையும், அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் எழுதிவைத்து, ஒரு நகலைக் கிளை நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.