ஓ-ரிங்கைக் கழற்றிவிட்டு விமானம் ஏறுங்கள்

சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கேமராவும் டைவிங் சாமான்களுமாகப் 11 முறை போய்வந்திருக்கிறேன். மூட்டை கட்ட உட்காரும்போது ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து ஒரே கேள்விதான் கேட்டுக்கொள்வேன்: இது உடைந்தாலோ தொலைந்தாலோ ஹேவ்லாக்கில் இன்னொன்று கிடைக்குமா? ஃபின்ஸ், பிசிடி (மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்று ஜாக்கெட்), வெட்சூட், ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும் கருவி) எல்லாம் அங்கே டைவ் கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும். என் கேமராவுக்கென்று அளவெடுத்துச் செய்த ஹவுசிங், அதாவது தண்ணீர் புகாத கூடு, கிடைக்காது. அதன் கதவில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் கிடைக்காது. என் கண் பவருக்குப் போட்ட மாஸ்க் கிடைக்காது. கிடைக்காதது கைப்பையில், மற்றது செக்-இன்னில். எடைக் கணக்கு அப்புறம்தான்.

எடை என்றால், உள்நாட்டு எகானமி டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் கைப்பை 7 கிலோ, செக்-இன் 15 கிலோ. ஆரம்பத்தில் பெலிகன் 1510 பெட்டிமேல் ஆசைப்பட்டேன். உறுதியான பெட்டிதான், சந்தேகமே இல்லை. ஆனால் ஃபோமோடு காலிப் பெட்டியே 6 கிலோவைத் தாண்டுகிறது. மிச்சமிருக்கும் இடத்தில் ஹவுசிங்கை எங்கே வைப்பது? இப்போது மெத்தை வைத்த சாதாரண முதுகுப்பைதான். ஹவுசிங்கின் வயிற்றுக்குள் சுத்தமான காட்டன் துணியில் சுற்றிய லென்ஸ்கள், பக்கத்தில் கேமரா பாடி, மாஸ்க், டைவ் கம்ப்யூட்டர். லென்ஸைப் பாடியில் மாட்டியபடி வைக்காதீர்கள். பை கீழே விழுந்தால் அடி முழுவதும் அந்த மவுண்ட் வளையத்தில்தான் இறங்கும். டோம் போர்ட்டை (லென்ஸுக்கு முன்னால் ஹவுசிங்கில் மாட்டும் அரைக்கோள ஜன்னல்) தனியாகக் கழற்றி, நியோப்ரீன் உறை போட்டு, பையின் நடுவில் வையுங்கள்.

இனி ஓ-ரிங். இதை நான் பட்டுத்தான் கற்றேன். இரண்டாவது பயணத்தில், தூசி போகக்கூடாது என்று ஹவுசிங்கை நன்றாகப் பூட்டி எடுத்துப் போனேன். அறையில் போய்த் திறந்தால் பின்கதவு அசையவில்லை. தாழ்ப்பாள் விடுகிறது, கதவு விடவில்லை. இரண்டு பேர் பிடித்து இழுத்தும் வரவில்லை. காரணம் எளிது. பறக்கும்போது கேபினுக்குள் இருக்கும் காற்றழுத்தம் 8,000 அடி மலையில் இருப்பதுபோல, அதாவது ஊட்டியைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருப்பதுபோல, இறங்கிவிடும். சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஹவுசிங் வெளியிலிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கச் செய்தது. உள்ளேயிருந்து தள்ளினால் ஓ-ரிங் வழிவிட்டுக் காற்று கசிந்துவிடும். விமானம் இறங்கும்போது வெளி அழுத்தம் கூடி, கதவை அப்படியே அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். அன்று டைவ் மாஸ்டர் வந்து வேக்கம் வால்வை, அதாவது ஹவுசிங்கிலிருந்து காற்றை உறிஞ்சி எடுக்க வைத்த சின்னத் திறப்பை, தளர்த்தினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது, கதவு தானாக விட்டது. ரிங் ஒரு மூலையில் பள்ளத்தைவிட்டு நெளிந்து கிடந்தது. மாற்று ரிங் கையில் இருந்ததால் அந்தப் பயணம் பிழைத்தது.

அதனால் பெரிய ஓ-ரிங்கைக் கழற்றிச் சின்ன ஜிப் கவரில் போடுங்கள். மாற்று ரிங் ஒன்று, சிலிகான் கிரீஸ் ஒரு சின்ன ட்யூப் அதே கவரில். வேக்கம் வால்வு மூடியும் திறந்திருக்கட்டும். சரக்கு அறையிலும் இதே அழுத்தம்தான், எனவே செக்-இன்னில் போகும் ஸ்ட்ரோப் (நீருக்கடி ஃபிளாஷ்), டார்ச் ஆகியவற்றின் மூடிகளையும் தளர்த்திவிடுங்கள்.

டார்ச்சிலிருந்து பேட்டரியை எடுத்தே ஆகவேண்டும். டைவ் டார்ச் தண்ணீரால் குளிர்வது. பைக்குள் தானாக எரிந்தால் சூடேறித் துணியைப் பொசுக்கிவிடும். உதிரி லித்தியம் பேட்டரிகளைச் செக்-இன்னில் போடவே கூடாது. ஒவ்வொன்றின் முனையிலும் டேப் ஒட்டி, தனித்தனி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கைப்பையில் வையுங்கள். 100 வாட்-ஹவர் வரை தடையில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் கணக்கு வந்துவிடும்: 3.7 வோல்ட், 3.4 ஆம்பியர்-ஹவர் டார்ச் பேட்டரி 12.6தான். அந்த டப்பாக்கள் எல்லாவற்றையும் ஒரே பவுச்சில் வையுங்கள், அதற்கு ஒரு காரணம் உண்டு. ஏடிஆர் மாதிரி சின்ன விமானங்களில் மேல் அலமாரி சிறியது, படிக்கட்டருகே பையை வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். அப்போது பவுச்சை உருவிக் கையில் எடுத்துக்கொண்டால் போதும்.

டைவ் கத்தி, ஆலன் கீ, ஸ்க்ரூ டிரைவர் மூன்றும் செக்-இன்னில். ரெகுலேட்டரை வெட்சூட்டுக்குள் சுருட்டுங்கள், ஆனால் ஹோஸை இறுக்கி மடிக்காமல் பெரிய வட்டமாக.

வெளிநாடு போவதானால் கிளம்பும்போதே கஸ்டம்ஸ் கவுண்டரில் சீரியல் நம்பர் காட்டி எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்கிவிடுங்கள். திரும்பும்போது புதிதாக வாங்கியது என்று வரி கேட்டால் அந்தத் தாள்தான் பேசும். பை உடைந்து வந்தால் விமான நிலையத்தைவிட்டு வெளியேறும் முன்பே புகார் எழுதி நகல் வாங்குங்கள். சர்வதேசப் பயணத்தில் சேதத்துக்கு 7 நாள்தான் கெடு.

தங்குமிடம் போனதும் விமான அதிர்வில் ஹவுசிங் கைப்பிடித் திருகுகள் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். ரிங்குக்கு மெல்லிசாகக் கிரீஸ் தடவி, பள்ளத்தில் முடியோ மணலோ இல்லை என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து மாட்டுங்கள். முதல் டைவுக்கு நான் கேமராவைக் கொண்டுபோவதில்லை. காலி ஹவுசிங்குக்குள் ஒரு டிஷ்யூ பேப்பரைப் போட்டு மூடி இறங்குவேன். படகில் ஏறித் துடைத்துத் திறக்கும்போது டிஷ்யூ மொறுமொறுவென்று இருந்தால், அடுத்த டைவுக்குக் கேமரா வரும்.