பழைய சூப்பர் கார் வாங்கப் போறீங்களா? முதல்ல பல்லைப் புடிச்சுப் பாருங்க

சின்ன வயதில் எங்க அப்பாரு (தாத்தா) கூட கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறேன். விலை பேச அரை மணி நேரம் ஆகும். அதுக்கு முன்னால மாட்டைப் பார்க்கவே அரை நாள் ஆகும். பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பின்னாலயே போவார், தண்ணி காட்டச் சொல்லுவார். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. நாம காசு கொடுத்தல்லவா வாங்குகிறோம்!

எனக்குத் திருப்பூரில் சின்னதாக ஒரு காம்பேக்டிங் யூனிட், பனியன் துணியைச் சுருக்கிப் பதப்படுத்தும் பட்டறை. மூணு வருஷம் முன்னால பெங்களூரிலிருந்து ஒரு 2014 மாடல் போர்ஷே கேமன் வாங்கினேன். அதற்கு முன் ரெண்டு வண்டியைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று திரும்பி வந்தேன். மூணிலும் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: பணத்தை ரெண்டாகப் பிரியுங்கள்

புதிதாக ரெண்டு, மூணு கோடிக்குப் போன வண்டி பத்து வருஷத்தில் பாதிக்கும் கீழே வந்துவிடும். ஆனால் அதன் கிளட்ச், பிரேக் டிஸ்க், ஹெட்லைட் விலையெல்லாம் இன்னும் கோடி ரூபாய் வண்டியின் சாமான் விலைதான். வண்டி விலை இறங்கும், சாமான் விலை இறங்காது. முதல்முறை வாங்குபவர்கள் விழுகிற குழி இதுதான்.

என் கணக்கு இது: கையில் 100 ரூபாய் இருந்தால் வண்டிக்கு 75 ரூபாய்க்கு மேல் போகாதீர்கள். மீதி 25 முதல் வருஷ சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ், சாலை வரிக்கு. வெளிமாநில வண்டி என்றால் வரி ஒரு பெரிய தொகை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புது காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும். குறைந்தாலும் லட்சத்தில்தான் நிற்கும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாலயே, ஆர்சி நகலை எடுத்துக்கொண்டு உங்கள் ஆர்டிஓ ஆபீசில் கணக்குப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 2: மெக்கானிக்கைப் பிடித்த பிறகு வண்டியைத் தேடுங்கள்

நம்ம பக்கம் கைவேலை தெரிந்த ஆளுக்குப் பஞ்சமில்லை. திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி, கரூரில் பஸ் பாடி, நாமக்கல்லில் லாரி பாடி என்று எதையும் கழற்றி மாட்டுவார்கள். ஆனால் லம்போர்கினிக்குக் கிட்ட இருக்கும் கம்பெனி சர்வீஸ் என்றால் பெங்களூர்தான். போர்ஷேவுக்குக் கொச்சி இருக்கிறது, கோவையிலிருந்து 200 கிலோமீட்டருக்குள். ஆடி ஷோரூம் கோவையிலேயே இருக்கிறது. ஆனாலும் அவர்களுடைய சூப்பர் காரான ஆர்8-இன் இன்ஜினைத் தொட்டுப் பழகிய கை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு இறங்குங்கள். நான் கேமன் எடுத்ததற்குப் பாதிக் காரணம் கொச்சிதான்.

அடுத்தது கியர்பாக்ஸ். லம்போர்கினி கல்லார்டோவின் இ-கியர், ஃபெராரி எஃப்430-இன் எஃப்1 பெட்டி, ஆரம்பகால ஆர்8-இன் ஆர்-ட்ரானிக் எல்லாம் ஒற்றைக் கிளட்ச் சங்கதி. உள்ளே இருப்பது சாதாரணக் கிளட்ச், மிதிப்பது மட்டும் மிஷின். கோவை காந்திபுரம் சிக்னலில் இஞ்ச் இஞ்சாக நகர்த்தினால் கிளட்ச் கருகும். முதல் வண்டிக்கு இரட்டைக் கிளட்ச் பாருங்கள்: போர்ஷேவில் பிடிகே, ஃபெராரியில் 458, லம்போர்கினியில் ஹுராகன், ஆர்8-இல் 2013-க்குப் பிந்தையது. இல்லையென்றால் சுத்தமான மேனுவல்.

பழைய போர்ஷே 911, பாக்ஸ்டர், கேமன் தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 1997-லிருந்து 2008 வரையிலான பல இன்ஜின்களில் ஐஎம்எஸ் பேரிங் என்று ஒன்று இருக்கும். அது உடைந்தால் இன்ஜினே போச்சு. 2009 மாடலில் வந்த புது இன்ஜினில் அந்தப் பேரிங்கே கிடையாது. நான் 2009-க்குக் கீழே தேடவே இல்லை.

படி 3: வண்டியைப் பார்க்கும் முன் காகிதத்தைப் பாருங்கள்

இங்கேதான் அவசரப்படாமல் உட்காரணும்.

2025 செப்டம்பரில் கொச்சி சுங்கத்துறை ‘ஆபரேஷன் நும்கோர்’ என்று ஒரு சோதனை நடத்தியது. பூட்டான் வழியாகக் கள்ளத்தனமாக வந்த சொகுசு வண்டிகளைத் தேடி வீடு வீடாகப் போனார்கள். அதற்கு முன் 2017-இல், கேரளாவில் ஓடும் சொகுசுக் கார்களை வரியைக் குறைக்கப் பாண்டிச்சேரியில் பொய் முகவரியில் பதிந்த விவகாரம். வாளையார் தாண்டினால் கேரளா, அந்த வண்டிகள் நம்ம ஊருக்கும் விலைக்கு வரத்தானே செய்யும்? கார்னெட் என்கிற சுங்க அனுமதியில், வரி கட்டாமல் தற்காலிகமாக உள்ளே வந்து திரும்பிப் போகாத வண்டிகளும் உண்டு. வரி கட்டாமல் வந்த வண்டியைச் சுங்கம் பிடித்தால், கடைசியாகக் கையில் வைத்திருப்பவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டு போவார்கள்.

அதனால் கேட்க வேண்டியவை: ஒரிஜினல் ஆர்சி, முதல் விற்பனை இன்வாய்ஸ், தனி ஆள் இறக்குமதி செய்த வண்டி என்றால் சுங்க வரி கட்டிய பில் ஆஃப் என்ட்ரி, சர்வீஸ் ரசீதுகள், பழைய இன்சூரன்ஸ் பாலிசிகள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு எத்தனையாவது ஓனர், கடன் பதிவு இருக்கிறதா, அபராதம் பாக்கி எவ்வளவு என்று பாருங்கள். கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் கடன் முடிந்ததற்கான படிவம் 35-ம் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நான் முதலில் பார்த்தது ஒரு மஞ்சள் கல்லார்டோ. விலையைக் கேட்டதும் தூக்கம் போச்சு, அவ்வளவு மலிவு. நேரில் போய் ஆர்சியில் இருக்கும் சேஸ் எண்ணையும் வண்டியில் பொறித்த எண்ணையும் ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து ஒப்பிட்டேன். கடைசி நாலு எண்ணில் ரெண்டு இடம் மாறியிருந்தது.

“டைப்பிங் மிஸ்டேக் சார், டிரான்ஸ்பர் அப்பப் பாத்துக்கலாம்” என்றார் விற்பவர். நிஜமாகவே தட்டச்சுப் பிழையாக இருக்கலாம். அப்படியானால் அவரே திருத்தி வைத்துவிட்டுக் கூப்பிடட்டும் என்று வந்துவிட்டேன். இன்றுவரை கூப்பிடவில்லை.

படி 4: வண்டியைத் தொட்டுப் பாருங்கள்

ரெண்டாவது வண்டியைப் பார்க்க, கோவை கணபதியில் தனியாக ஷெட் போட்டிருக்கும் ஒரு மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போனேன். பங்காளி வகையில் எனக்கு அண்ணன் முறை. அவருக்குக் கொடுத்த ஒருநாள் கூலியும் பெங்களூர் போக வர டீசலும்தான் என் வாழ்க்கையிலேயே உருப்படியான செலவு.

விற்பவரிடம் முந்தின நாளே சொல்லிவிட்டோம்: நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம். போனதும் அண்ணன் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. நேராகப் பின்பக்கம் போய்ப் புகைக்குழாய் மேல் கையை வைத்தார்.

“ஏனுங்க, வண்டி வெதுவெதுன்னு இருக்குதுங்களே?”

“காலைல சும்மா கொஞ்சம் நகத்தி நிறுத்துனோங்க.”

“செரிங்க, நாங்க சாப்பிட்டுட்டுச் சாயங்காலமா வர்றோம். அதுவரைக்கும் நகத்தாதீங்க.”

அந்த வண்டியும் ஒரு போர்ஷேதான். சாயங்காலம் ஆறிப்போன இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஒரு பக்கத்திலிருந்து டக்டக்கென்று தட்டல். சூடானால் அடங்கிவிடுகிறது. காலையில் ‘சும்மா நகர்த்தியது’ எதற்கு என்று அப்போது புரிந்தது. குளிர்ந்த இன்ஜின் பொய் சொல்லாது.

அதோடு விடவில்லை அண்ணன், கம்ப்யூட்டரை மாட்டினார். போர்ஷேவின் இன்ஜின் கம்ப்யூட்டர், இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பதிந்து வைத்திருக்கும். அளவுக்கு மீறி முறுக்கியதை ஆறு படியாகப் பிரித்து எழுதி வைத்திருக்கும். மீட்டரில் 19,000 கிலோமீட்டர். கம்ப்யூட்டரில் 1,600 மணி நேரம். வகுத்தால் மணிக்குச் சராசரி 12 கிலோமீட்டர்கூட வரவில்லை. பெங்களூர் டிராஃபிக்கை எவ்வளவு திட்டினாலும் இது கொஞ்சம் ஓவர். மீட்டரைத் திருகியிருக்கிறார்கள் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். நான் கடைசியில் வாங்கிய கேமன் 31,000 கிலோமீட்டர், 1,050 மணி நேரம். சராசரி 29-க்கு மேல். இந்த வகுத்தலுக்கு ஃபோன் கால்குலேட்டர் போதும்.

பெயின்ட்டின் தடிமனை அளக்கும் மீட்டர் ஒன்றை வாங்கியோ இரவல் வாங்கியோ எடுத்துப்போங்கள். கம்பெனி பெயின்ட் பொதுவாக 100-லிருந்து 150 மைக்ரான். ஒரு கதவில் மட்டும் 300, 400 காட்டினால் அங்கே பட்டி பார்த்திருக்கிறார்கள். மேலே பெயின்ட்டைக் காக்கும் பிபிஎஃப் படலம் ஒட்டியிருந்தால் 150, 200 மைக்ரான் கூடக் காட்டும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ரெண்டு சூட்சுமம்: பல வண்டிகளின் பாடி அலுமினியம், இரும்புக்கு மட்டும் வேலை செய்யும் மலிவு மீட்டர் அதில் ஒன்றுமே காட்டாது. கார்பன் ஃபைபரிலும் பிளாஸ்டிக் பம்பரிலும் பெரும்பாலான மீட்டர்கள் உதவாது. அங்கே கண்ணும் விரல் நகமும்தான்.

டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு எண்ணைப் படியுங்கள். 3519 என்றால் 2019-ஆம் வருஷம் 35-ஆவது வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் ஆறேழு வருஷ ரப்பர் இந்த வேகத்துக்கு ஆகாது. நாலும் மாற்ற வேண்டும் என்றால் விலையில் அதைக் கழியுங்கள்.

போர்ஷேவில் பிரேக் காலிப்பர் மஞ்சளாக இருந்தால் செராமிக் டிஸ்க். சக்கரத்தைக் கழற்றும்போது அஜாக்கிரதையாக இடித்தால் அதன் விளிம்பு சில்லு சில்லாகப் பெயரும். டார்ச் அடித்து விளிம்பைப் பாருங்கள். ஒரு டிஸ்க்கின் விலைக்கு நல்ல பைக் வாங்கலாம். அப்படியே மண்டியிட்டு முன் பம்பருக்கு அடியிலும் பாருங்கள். அங்கே கொஞ்சம் கீறல் இருந்தால் எனக்குச் சந்தோஷம். நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கரில் ஓடி வந்த வண்டிக்கு அது அம்மைத் தழும்பு மாதிரி. சேஸில் மடங்கலோ புது வெல்டிங்கோ தெரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நாலாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று பெருமையாகச் சொல்லும் பத்து வருஷ வண்டியைவிட, வருஷா வருஷம் ஆயில் மாற்றிய ரசீதோடு நாற்பதாயிரம் ஓடியதையே நான் எடுப்பேன். நின்ற வண்டியில் ரப்பர் சீல் காயும், பேட்டரி சாகும், டேங்க்கில் பெட்ரோல் கெடும்.

படி 5: ஓட்டிப் பாருங்கள், அவரையும் ஓட்டச் சொல்லுங்கள்

முதலில் விற்பவர் ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். சூடாகாத இன்ஜினை அவர் எப்படி மிதிக்கிறார் என்பதிலேயே இத்தனை வருஷ வளர்ப்பு தெரிந்துவிடும். பிறகு நீங்கள் ஓட்டுங்கள். ஏசி போட்டு, பாட்டை நிறுத்தி, டிராஃபிக்கில் ஒரு இருபது நிமிஷம்; டெம்பரேச்சர் முள் நிற்கிற இடத்தில் நிற்கணும். பெரிய ரோட்டில் நூறு கிலோமீட்டரில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறக் கூடாது. அதற்கு மேல் வேகம் காட்டி ஒன்றும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

படி 6: பணமும் பெயர் மாற்றமும்

“பாதி கேஷா குடுத்துருங்க” என்பார்கள். வேண்டாம். ஒரே வியாபாரத்துக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. உங்களுக்கும் கொடுத்ததற்குச் சாட்சி இருக்காது. வங்கி வழியாக மட்டும் கொடுங்கள்.

வெளிமாநில வண்டிக்குப் படிவம் 28-இல் விற்பவர் ஊர் ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று வேண்டும். 29-ம் 30-ம் பெயர் மாற்றத்துக்கு, 27 புது எண்ணுக்கு. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் எண் மாற்றியே ஆகணும். கொண்டுவந்த கையோடு மாற்றிவிடுவது நிம்மதி. பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம், கிடைக்கும், மெதுவாக. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவருடையது, வண்டியோடு வராது.

படி 7: வீட்டுக்குக் கொண்டுவருவது

ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றினால் சாய்பலகைக்கு முன் கூடுதலாக ரெண்டு மரப்பலகை போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மூக்கு இடிக்கும். பெல்ட்டை டயர் மேல் கட்டணும், சஸ்பென்ஷன் கம்பியில் கொக்கி மாட்ட விடாதீர்கள். நான் இன்சூரன்ஸ் மாற்றிய பிறகு கிருஷ்ணகிரி, சேலம், சங்ககிரி வழியாக ஓட்டியே வந்தேன். தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே, கண்ணாடியில் வெறும் சக்கரங்கள் மட்டும் தெரிய, உருட்டிக்கொண்டு வந்தது இன்னும் மறக்கவில்லை.

வீட்டு வாசல் ஏற்றத்தை முன்னாலயே அளந்து வையுங்கள். நான் அளக்கவில்லை. அப்பா, ஆத்தா, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஆரத்தித் தட்டோடு நிற்க, வண்டி கேட்டுக்கு ரெண்டடி முன்னால சர்ரென்று உரசி நின்றது. கொத்தனார் வந்து சாய்மானம் போடும்வரை நாலு நாள் தோட்டத்தில் அப்பாருவின் பழைய கட்டுத்தரையில் நிறுத்தினேன். நிழலும் காற்றோட்டமும் நன்றாக இருந்ததால் அதையே இடமாக வைத்துக்கொண்டேன். நிற்கும்போது பேட்டரி இறங்காமல் காக்கும் டிரிக்கிள் சார்ஜருக்கு அங்கே ஒரு பிளக் பாயின்ட் இழுத்தாச்சு. தீவனம் போட்ட இடம் என்பதால் எலி வரும், ஒயரைக் கடிக்கும். வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துவிடுகிறேன்.