டிராக் ஸ்ட்ரிப்புல தண்ணிய சுத்திப் போங்க

அமெரிக்காவுல, ட்யூன் பண்ணி பவர் ஏத்துன ஜீப் ட்ராக்ஹாக் மாதிரி ஆல் வீல் டிரைவ் எஸ்யூவிய சாதா ரோடு டயரோட டிராக் ஸ்ட்ரிப்புக்கு (drag strip, நேர்கோட்டுல ரேஸ் ஓட்டற பாதை) கொண்டு போறீங்கன்னா, ஸ்டார்ட்டிங் லைனுக்கு முன்னாடி டயர நனைக்கத் தண்ணி ஊத்தி வச்சிருக்கற வாட்டர் பாக்ஸ்ல இறங்காதீங்க, ஓரமா சுத்திப் போயி காஞ்ச இடத்துல நில்லுங்க. ஏசியையும் முன்னாடியே ஆஃப் பண்ணிடுங்க, அதுலேர்ந்து வர்ற தண்ணியும் லைன்லதான் சொட்டும்.

ரோடு டயர்ல பள்ளம் பள்ளமா காடி இருக்குல்ல, அதுல தேங்குற தண்ணி, வீல் ஆர்ச்சுக்குள்ள தெறிச்ச தண்ணி எல்லாம் சரியா ஸ்டார்ட்டிங் லைன்ல வந்து வடியும், அங்க பசை அடிச்சு வச்சிருக்கற க்ரிப் அப்படியே போயிடும், உங்களுக்கு மட்டுமில்ல பின்னாடி வர்றவருக்கும்தான். டயர சூடாக்க நாலு வீலையும் சுத்தவிட்டு பர்ன் அவுட் பண்ணாலும் இந்த டயருக்குப் பெருசா பிரயோஜனம் இல்ல, ட்ராக்ஹாக்குக்கு கம்பெனிலேர்ந்து வரும்போதே 707 குதிரைசக்தி, அதுக்கு மேல ட்யூன் வேற, டயர் திடீர்னு க்ரிப் பிடிச்சா அந்த அடி முழுக்க முன் வீலுக்கும் பின் வீலுக்கும் பவர் பிரிச்சுக் குடுக்கற ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குத்தான்.

டிராக் ரேசுக்குன்னே செஞ்ச டிராக் ரேடியல் டயரோ, காடியே இல்லாத ஸ்லிக் டயரோ போட்டிருந்தா இது செல்லாது, அதுக்கு சூடு வேணும், லேசா நனைச்சு வீலச் சுழலவிட்டே ஆகணும்.